கல்லக்காவும் லைட்டர் கல்லும்

கல்லக்கா வீட்டுக்குள் காலடி வைப்பவர் யாராக இருந்தாலும் முதல் வேலை கை கழுவுவது. கொண்டு வந்தது கல்யாணச் செய்தியா, சாவுச் செய்தியா என்பதெல்லாம் அப்புறம். குழாய் வலப்பக்கம், சோப்பு அதன் மேல், துண்டு கதவுக்குப் பின்னால். அந்தத் துண்டிலும் பேதம் உண்டு. வெளியாளுக்கு ஒன்று, வீட்டாளுக்கு ஒன்று, அக்காவுக்கு மட்டும் ஒன்று. "எங்க வீட்டுக்குக் கிருமி வந்தாக்கூட அம்மா அதைக் கையைக் கழுவிட்டு வரச் சொல்லுவாங்க" என்று மகள் பள்ளிக்கூடத்தில் சொல்லப் போக, அது ஆசிரியர்கள் அறை வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

அக்காவைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவள் பார்த்த வேலை அப்படி. நிலவியல் ஆய்வகத்தில் பாதி ஆயுசாக ஒரே ஒரு மலையின் கற்களை உடைத்து, பொடித்து, அதற்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று அளந்துகொண்டிருந்தாள். மற்றவர்கள் எல்லாரும் மலை விட்டு மலை தாவினார்கள், எண்ணெய்க் கம்பெனிக்குப் போனார்கள், வெளிநாடு போனார்கள். அவள் மட்டும் அந்த மலையைக் கட்டிக்கொண்டு அழுதாள். கல்லக்கா என்ற பெயர் அப்படித்தான் வந்தது. அவளுடைய பிடிவாதத்தையும் மனதில் வைத்துத்தான் அந்தப் பெயரை வைத்தார்கள் என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்கள் அதை அவள் காதுபடச் சொல்வதில்லை.

மலை என்றதும் மேகம் தவழும், அருவி விழும் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பஸ்ஸில் அரை நாள் போனால், மரம் மட்டை அதிகமில்லாமல், பழுப்பாக, லட்சணமே இல்லாமல் உட்கார்ந்திருக்கும். சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் உள்ளே கரும்பச்சை. ஆனால் பூர்வீகத்தைக் கேட்டால் வாயைப் பிளக்க வேண்டியதுதான். கடலுக்கு அடியில் தரை இருக்கிறதல்லவா, அந்தத் தரைக்கும் அடியில், மேன்டில் என்கிற ஆழத்தில் கிடந்த பாறை அது. எப்போதோ இரண்டு புவித்தட்டுகள் முட்டிக்கொண்டதில், கடல்தரையில் ஒரு துண்டு தன் அடியில் ஒட்டியிருந்த மேன்டிலையும் இழுத்துக்கொண்டு நிலத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. இப்படிக் கரையேறிய கடல்தரைக்கு ஓபியோலைட் என்று பெயர்.

ஏறி உட்கார்ந்தது சரி, பிறந்தது எங்கே? இதுதான் அக்காவின் வாழ்நாள் கேள்வி. நடுக்கடலில் தரை பிளந்து புதுத்தரை உண்டாகிற முகடு ஒன்று இருக்கிறது, அங்கே பிறந்திருக்கலாம். அல்லது, ஒரு தட்டு இன்னொரு தட்டுக்கு அடியில் அமிழ்ந்து போகிற இடத்தில், மேல்தட்டுக்குக் கீழே பிறந்திருக்கலாம். அக்கா முகட்டுக் கட்சி. தன் மலை திறந்த கடலின் நடுவே, யாருடைய தொந்தரவும் இல்லாமல் பிறந்தது என்பதில் அவளுக்கு ஒரு பெற்ற தாயின் பெருமை இருந்தது.

வீட்டுக்கு வருகிறவர்களுக்கு, அவர்கள் கேட்காமலேயே, டீ வடிகட்டியைக் கையில் வைத்துக்கொண்டு இதை விளக்குவாள். ஆழத்தில் இருக்கும் பாறை கொஞ்சம் உருகும். உருகினது டிகாஷன் மாதிரி மேலே வடிந்து போய்க் கடல்தரையாக உறையும். மிச்சம் நிற்கிற சக்கைதான் நம்ம மலை. லாந்தனம், சீரியம் என்று சில தனிமங்கள் முதல் வடிப்பிலேயே ஓடிவிடும், அதனால் சக்கையில் அவை அநேகமாக இருக்கவே கூடாது. ஆனால் அமிழ்கிற தட்டு இருக்கிறதே, அது ஈரத்தட்டு. அதிலிருந்து கசிகிற தண்ணீர் மேலே இருக்கிற சக்கையை மறுபடி நனைத்தால், போன லாந்தனமும் சீரியமும் துளித்துளியாகத் திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும். எனவே சக்கையில் லாந்தனம் இல்லையென்றால் முகடு, இருந்தால் அமிழ்வு. இவ்வளவு கேட்டு முடிப்பதற்குள் விருந்தாளியின் டீ ஆறிப்போயிருக்கும்.

இந்த லாந்தனம் இருந்தாலும் நூறு கோடியில் சில பங்குதான் இருக்கும். அவ்வளவு கொஞ்சத்தை அளக்கும்போது ஒரு தும்மல் போதும், கடலின் வரலாறே மாறிவிடும். அக்காவின் சோப்பும் துண்டும் அங்கிருந்துதான் வீட்டுக்கு வந்தன.

பொடித்த கல்லை ஆசிட்டில் கரைத்துக் கொடுப்பதற்குச் சுத்த அறை என்று ஒன்று ஆய்வகத்தில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்ட வேதியியல்காரர்தான் அக்காவின் கணவர். எல்லாருக்கும் அவர் ஆசிட்காரர். பெயரைக் கேட்டுப் பயந்தவர்கள் ஆளைப் பார்த்தால் சிரித்துவிடுவார்கள்; அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். காதலும் சுத்த அறை வாசலில்தான் வளர்ந்தது. அவர் உள்ளே, அவள் வெளியே, நடுவில் கண்ணாடி. இரண்டு பேரும் முகமூடி. முழு முகத்தையும் பார்த்தபோது வீட்டில் சொல்லியாகிவிட்டது என்று அவர் பிற்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்.

கல்யாணமாகி அக்கா மாசமாக இருந்தபோது ஆசிட் அறைப் பக்கம் அவள் வரக் கூடாது என்றாகிவிட்டது. மலையிலிருந்து அவள் பொறுக்கி எடுத்து வந்த நல்ல கற்கள் பொடியாகித் தயாராக இருந்தன. "நீ வீட்டுல கால நீட்டி உட்காரு, உன் கல்லை நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லி, தன் வேலையோடு வேலையாக அத்தனையையும் ஆசிட்காரர் ஒற்றை ஆளாகக் கரைத்து முடித்தார். தன் கல்லைத் தன் கையாலேயே தொட முடியவில்லையே என்று அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. குழந்தை பிறந்து, விடுப்பு முடிந்து, ஓட்டமும் நடையுமாக வந்து முடிவுகளைப் பார்த்தவளுக்குப் பகீரென்றது. லேசான தனிமம் இடப்பக்கம், கனமானது வலப்பக்கம் என்று அடுக்கிய வரைபடத்தில் கோடு இடப்பக்கம் போகப் போகச் சரிந்து தரையைத் தொட வேண்டும். சரிந்துகொண்டுதான் வந்தது. கடைசியில், லாந்தனமும் சீரியமும் இருக்கிற மூலையில், பூனை வால் மாதிரி மேலே தூக்கிக்கொண்டு நின்றது. ஒரு கல்லில் இல்லை, எல்லாக் கல்லிலும்.

வேறு யாராவது என்றால் மலையைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். அக்கா புருஷனைச் சந்தேகப்பட்டாள். அன்று பார்த்து அவர் சட்டைப் பையிலிருந்து பளபளவென்று ஏதோ எட்டிப் பார்த்தது.

"இது என்ன?" என்றாள்.

"லைட்டர்."

"இதுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியுமா?"

"கேஸ்."

"கல்லு. லைட்டர் கல்லு. அதுல பாதிக்கு மேல சீரியமும் லாந்தனமும்தான். ஒவ்வொரு தடவ சிகரெட் பத்தவைக்கும்போதும் அந்தத் தூள் உங்க விரல்ல, சட்டையில, மீசையில."

சொன்னது வேதியியல்படி நூற்றுக்கு நூறு சரி. அதுதான் வினை. உலகத்தில் எத்தனையோ மனைவிமார் கணவன் பையில் லைட்டரைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நுரையீரலை விட்டுவிட்டு லாந்தனத்துக்காகச் சண்டை போட்டவள் இவள் ஒருத்திதான்.

"கல்லே போடாம வெறும் ஆசிட் மட்டும் ஊத்தி ஒரு கிண்ணம் வப்போமே, அது சுத்தமா வந்திருக்கே" என்றார் ஆசிட்காரர். "என் கையில அழுக்கு இருந்தா அதுலயும்தான விழுந்திருக்கணும்?"

"தூசி என்ன, கிண்ணத்துக்குக் கிண்ணம் முறை வச்சா விழும்?"

"இன்னொண்ணு சொல்றேன், கேளு."

"முதல்ல போய்க் கையைக் கழுவிட்டு வாங்க."

அவர் போய்க் கழுவிவிட்டு வந்தார். அதற்குள் அக்கா கிளம்பிப் போயிருந்தாள். கைக்குழந்தைக்காரி, நேரத்துக்கு வீடு போய்ச் சேர வேண்டாமா?

அவளுடைய பேர் சொல்லும் கட்டுரை வெளிவந்தபோது அதன் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. ஆய்வகத் தூசி கலந்துவிட்டதால் லாந்தனப் பக்கத்து அளவுகள் ஒதுக்கப்பட்டன. கனமான தனிமங்கள் முகட்டுக் கதைக்கு ஒத்துப்போனதால் அவை மட்டும் மேடையேறின. கல்லிலிருந்த கரும்புள்ளிகளில் குரோமியம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது; அதுவும் அமிழ்வுக் கட்சிக்குத்தான் சாட்சி. அதற்கும் ஒரு சாக்கு வைத்திருந்தாள். அதற்கப்புறம் லாந்தனப் பக்கம் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கட்டுரையில் பெயர் போடவில்லைதான். ஆனால் சுத்த அறையில் இருந்தது ஒரே ஆள். ஆசிட்காரர் சிகரெட்டை விட்டார். பிறகு, யாரும் சொல்லாமலே, பக்கத்துக் கட்டடத்தில் குடிநீர் சோதிக்கிற பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். தண்ணீரில் நூறு கோடியில் ஒரு பங்கு என்கிற கெடுபிடி கிடையாது. மத்தியானச் சாப்பாட்டுக்கு இருவரும் ஒன்றாகத்தான் உட்கார்ந்தார்கள். லைட்டர் கேஸ் என்று ஆய்வகம் முழுக்க அது ஒரு நிரந்தர வேடிக்கை ஆகிவிட்டது. எங்கே எது கெட்டுப்போனாலும், காபி மெஷின் நின்றுபோனாலும், "ஆசிட்காரர் இந்தப் பக்கம் வந்தாரா?" என்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அவர் சிரிக்கிறார் என்பதால் அக்காவுக்கும் அது சிரிக்கிற விஷயமாகவே இருந்தது.

இப்படியே மகள் படித்து, வேலைக்குப் போய், ஆசிட்காரர் ஓய்வு பெறுகிற மாதமும் வந்துவிட்டது. அதே மாதத்தில்தான் ஆய்வகத்துக்கு லேசர் கருவியும் வந்தது. அதை இயக்க ஒரு பெண்மணி வந்திருந்தாள், லேசர்காரி என்று அன்றைக்கே பெயர் வைத்தாயிற்று. இந்தக் கருவிக்குக் கல்லைப் பொடிக்கவும் வேண்டாம், கரைக்கவும் வேண்டாம். மெல்லிய சீவலாக்கி மெருகேற்றி வைத்தால், ஒரு தாதுமணியின் நட்டநடுவில் முடி அகலத்துக்குத் துளை போட்டு, அங்கே இருப்பதை மட்டும் எடுத்து அளந்துவிடும். வெளித்தூசி உள்ளே நுழைய வழியே இல்லை. சோதனை ஓட்டத்துக்கு ஏதாவது கல் வேண்டும் என்றாள் லேசர்காரி. அக்கா பெருமையோடு தன் மலையைக் கொடுத்தாள்.

திரையில் கோடு சரிந்து வந்தது. மூலைக்குப் போனதும் வாலைத் தூக்கியது.

"கையில கிரீம் எதாவது போட்டிருக்கியா?" என்றாள் அக்கா.

லேசர்காரி தன் கையைப் பார்த்தாள். "நான் அதைத் தொடவே இல்லையே. மூடி போட்ட பெட்டிக்குள்ள இருக்கு."

"இன்னொரு மணியில போடு."

போட்டாள். வால். மேற்பரப்பை மறுபடி மெருகேற்றிப் போட்டாள். வால். பக்கத்துக் கல்லை எடுத்துப் போட்டாள், அதிலும் வால். சாயங்காலம் வரை அக்கா கருவியைக் குற்றம் சொன்னாள், மின்சாரத்தைக் குற்றம் சொன்னாள், கருவி செய்த கம்பெனியை ஒரு பிடி பிடித்தாள். குற்றம் சொல்ல ஆள் தீர்ந்துபோனதும் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

லாந்தனம் கல்லுக்குள்ளேயே இருந்திருக்கிறது. அமிழ்ந்துபோன தட்டின் தண்ணீர், மனுஷ வாடையே இல்லாத காலத்தில், அதைக் கொண்டுவந்து வைத்திருக்கிறது. குரோமியமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. முகட்டுக் கதை போயிற்று. அது போனதுகூட அவளுக்கு அவ்வளவு பெரிதாக வலிக்கவில்லை, ஆராய்ச்சி என்றால் சறுக்கத்தான் செய்யும். அந்த மனுஷனின் கை சுத்தமாக இருந்திருக்கிறது. வலித்தது அதுதான்.

வீட்டில் சொல்ல வேண்டும். கடல் எப்போது திறந்தது, எப்போது மூடியது என்று கோடி வருஷக் கணக்கைச் சரளமாகச் சொல்கிறவளுக்கு, டீக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் நடுவில் இதைச் சொல்ல ஒரு சந்து கிடைக்கவில்லை. முதல் நாள் அவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் அவளுக்குத் தலைவலி, அல்லது தலைவலி என்று சொல்லிக்கொண்டாள். மகள் போனில் கூப்பிட்டபோது அவளிடம்தான் முதலில் கொட்டினாள்.

"அப்ப இத்தனை வருஷமா அப்பாவை நாம சும்மாவா ஓட்டிக்கிட்டிருந்தோம்?" என்றாள் மகள். பிறகு, "அம்மா, வெள்ளிக்கிழமை அப்பாவுக்குப் பிரிவுபசாரம். லைட்டர் கதையை எடுக்காம விடமாட்டாங்க. அதுக்குள்ள சொல்லிடு" என்றாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கை கழுவிவிட்டுத்தான், அதைச் சொல்லவே வேண்டாம். அக்கா வாசற்படியில் நின்றபடியே, மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல், லேசர் பார்த்ததையெல்லாம் சொல்லி முடித்தாள்.

அவர் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "எல்லாக் கல்லுலயுமா?"

"எல்லாத்துலயும். உங்க மேல தப்பே இல்லைங்க."

"அது எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"அந்த லைட்டர் உன் தம்பி கொடுத்தது. பாப்பாவைப் பார்க்க வந்தப்ப வாங்கிட்டு வந்தான். உன் கல்லையெல்லாம் நான் கரைச்சு முடிச்சது பாப்பா பிறக்கறதுக்கு முன்னாடி. அப்பல்லாம் நான் தீப்பெட்டிதான்."

தம்பி வந்தது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. தொட்டிலுக்குப் பக்கத்தில் கை கழுவாமல் போய் நின்றான் என்று அவனை விரட்டியதும் ஞாபகம் இருந்தது. தீக்குச்சி மருந்தில் லாந்தனமும் கிடையாது, சீரியமும் கிடையாது.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"சொல்லத்தான் வந்தேன். நீ கையைக் கழுவிட்டு வரச் சொன்ன."

"அப்புறமாவது?"

"கழுவிட்டு வந்து பார்த்தேன், நீ இல்ல. நீயே கேட்பேன்னு இருந்தேன். அப்புறம் அச்சுல வந்துடுச்சு. அச்சுல வந்தப்புறம் தீப்பெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்து காட்டுறதா?" வெங்காயத்தை வாணலியில் தள்ளினார். "எல்லாரும் சிரிச்சாங்க. சரி, சிரிச்சு வைப்போம்னு நானும் சிரிச்சேன்."

கல்லக்கா அழுதாள். வெங்காயம் நறுக்கியது அவர், அழுதது அவள் என்று சொல்லி அவர் அவளைச் சிரிக்கவைக்கப் பார்த்தார். அன்று அது பலிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கூட்ட அறையில் இயக்குநர் பேச எழுந்தார். மகள் சொன்னபடியே ஆயிற்று. குடிநீர்ப் பிரிவுக்கு அவர் ஆற்றிய தொண்டை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டு லைட்டர் கதைக்கு வந்தார். மேன்டிலையே கறைப்படுத்திய ஒரே மனிதர் என்றார். அறை குலுங்கியது. எல்லாரும் சேர்ந்து வாங்கியதாகச் சொல்லி ஒரு சின்னப் பெட்டியை நீட்டினார். திறந்தால் தங்க நிறத்தில் ஒரு லைட்டர். ஆசிட்காரர் வழக்கம்போல் சிரித்தார். அந்தச் சிரிப்பைத் தினமும் சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து பார்த்தவள் அக்கா. அது உதட்டோடு நின்றுவிடுகிறது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

எழுந்தாள். பேச்சாளர் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

"அந்தத் தூசி லைட்டர்லேர்ந்து வரல" என்றாள். "அது என் கல்லுலயே இருந்தது. இவர் கரைச்சது சுத்தமாத்தான் கரைச்சார். வெறும் கிண்ணத்தையும் வச்சுக் காட்டினார். நான் பார்க்கமாட்டேன்னுட்டேன். தப்பா அச்சடிச்சவ நான், பேர் கெட்டது இவருக்கு. திருத்தக் கட்டுரை எழுத ஆரம்பிச்சிருக்கேன். அதுல பொடி எழுத்துல போடமாட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. லேசர்காரி மட்டும் தலையாட்டினாள். இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்ப முகடு?" என்று கேட்டார்.

"முகடு போச்சு" என்றாள் அக்கா. உட்கார்ந்துவிட்டாள்.

ஆசிட்காரர் ஏற்புரையில் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. எல்லாருக்கும் நன்றி சொன்னார், தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்றார். ஆனால் கூட்டம் கலையும்போது ஒவ்வொருவராக வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரம் பிடித்தபடி நின்றார்கள்.

நடைபாதையில் அக்கா அவர் பின்னாலேயே வந்தாள். "திருத்தத்துக்குப் பழைய முறையிலயும் ஒரு தடவை கரைச்சுக் காட்டணும். கல்லு பொடியாத்தான் இருக்கு."

"சுத்த அறைக்கு இப்ப வேற ஆளு இருக்காங்களே."

"நீங்க கரைக்கணும்."

"ரிட்டயர் ஆனவன் கை. நடுங்கும்."

"நடுங்கட்டும்."

சுத்த அறை வாசலில் லைட்டர் பெட்டியை அவளிடம் கொடுத்தார். குழாயைத் திறந்து, முழங்கை வரை நிதானமாகக் கழுவினார். அங்கியை மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை நகம் காட்டுவதுபோல இரண்டு கையையும் அவள் முன்னால் நீட்டினார். முதலில் உள்ளங்கை, அப்புறம் புறங்கை. வீம்புக்குத்தான் செய்தார், கண்ணில் குறும்பு இருந்தது. அக்கா கையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எதாவது இருக்கா?" என்றார்.

"இல்ல."

"அன்னிக்கும் இல்ல" என்று சொல்லிவிட்டு முகமூடியை ஏற்றிக்கொண்டு உள்ளே போனார். கண்ணாடிக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அக்கா பெட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள்.